வாய்க்கால் மேலத்தெரு மெட்ரோவும் ஐந்து நாற்பது பஸ்ஸும்

வாய்க்கால் மேலத்தெரு,
வடகரை.
வியாழக்கிழமை, சாரல் விட்டு விட்டு.

சென்னைப் பட்டணத்தின் வயிற்றுக்குள் இறங்கி, மெட்ரோ சுரங்கத்தில் அளவெடுத்து, மேலே வெயில் அடிக்கிறதா மழை பெய்கிறதா என்றே தெரியாமல் உத்தியோகம் பார்க்கும் என் தாய்மாமன் மணிமுத்து அவர்களின் பாதங்களுக்கு, மருமகன் சந்தோஷ்குமார் (பிளஸ் ஒன், கணக்கு தவிர மற்றவற்றில் சுமார்) வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, மஞ்சு அக்கா, இரண்டு மாடு, ஒரு கன்று ஆகியோர் நலம். அங்கு தாங்களும் அத்தையும் புதிதாக வாங்கிய வாஷிங் மெஷினும் நலம்தானே?

நிற்க. உட்கார்ந்துகொண்டும் படிக்கலாம். இதனால் சகலமானவர்களுக்கும் பகிரங்கமாக அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை சரியாக ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு, எங்கள் தெருவுக்குள் தென்காசி செல்லும் டவுன் பஸ் ஒன்று வந்தது. வந்து நின்றது. நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டது. ஏற்றிக்கொண்டு போயேவிட்டது. அவ்வளவுதான் செய்தி. உங்கள் ஊரில் இதைச் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே தேங்காய் உடைத்தோம். டிரைவருக்கு மாலை போடப் போனபோது அவர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்தச் சாதனைக்கு மூலகாரணம் நீங்கள். அடுத்த காரணம் நான். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். என் பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நிற மார்க்கர் பேனாக்களும், சுருட்டிய ஒரு மெட்ரோ வரைபடமும் அனுப்பிவிட்டுப் போனில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "ஏலே, கைகூப்புத மஞ்சக் கையை வாட்ஸ்அப்ல அனுப்பி ஒப்பேத்தாத. நாலு வரி கையால எழுது." நாலு வரி கேட்ட உங்களுக்கு நாலு பக்கமாகத் தருகிறேன். தவிர, போனும் இப்போது என் கையில் இல்லை. அம்மா அதைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். சோறு பொங்கும்போது மட்டும் அதன் தரிசனம் கிடைக்கும். ஏன் புதைத்தாள் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் பஸ் விஷயம். எங்கள் தெரு மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும். காலை ஐந்து நாற்பது வண்டி மட்டும்தான் தெருவுக்குள் வந்து, அரசமரத்தைச் சுற்றித் திரும்பும். போன மாதம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் பிடித்த கையோடு அந்த டிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு, "உங்க தெருவுல ஆளே ஏறல" என்று சொல்லிவிட்டார்களாம். இதில் யாருக்கு என்ன நஷ்டமோ, மஞ்சு அக்காவுக்கு மொத்த வாழ்க்கையும் அந்த வண்டியில்தான் இருந்தது. அவள் போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. அதற்கு ஓடிப் பழக, தாண்டிப் பழக, தென்காசி மைதானத்தில் காலை ஆறரைக்குள் நிற்க வேண்டும். பிந்தினால் கோச் கேட்டைச் சாத்திவிடுவார். பஸ் நின்றதும் அப்பா கொஞ்ச நாள் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பிறகு ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"எனக்குத் தோப்புக்குத் தண்ணி முறை காலையிலதான். அதை விட்டா அடுத்த முறைக்கு எட்டு நாளு பாத்துக்கிட்டு இருக்கணும். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கேன். பஸ் வரலைன்னா நீ இங்கனயே வாய்க்கா வரப்புல ஓடு. வீ.கே.புதூர்ல இருந்து ஒரு இடமும் கேட்டு வந்திருக்காவ. பையன் பட்டாளத்துல இருக்கான். ஓடுத புள்ளைன்னா அவனுக்கும் பிடிக்கும்."

"எப்பா, நான் போலீஸ் ஆகத்தான் ஓடுதேன். பட்டாளத்துக்காரன் பொறத்தால ஓட இல்ல" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு இலையை மடக்கி எழுந்தவள், வரப்பில்தான் போய் ஓடினாள். அன்று மாலை கணுக்காலில் சேறும் முழங்காலில் சிராய்ப்புமாக வந்தாள். மாமா, அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் கிண்டல் பண்ணியிருப்பேன். அழாததால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ரயில் விடுவதற்கு அரசாங்கம் வேண்டும், ரீல் விடுவதற்கு நான் ஒருவனே போதும் அல்லவா? நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, தென்காசி-குற்றாலம் பெருநகர மெட்ரோ ரயில் திட்டம் என்று ஒன்றை வரைந்தேன். உங்கள் ஆபீஸில் இப்படி ஒருவர் மூளையிலும் உதித்திருக்காது. பச்சை நிறத்தில் சாரல் லைன். வடகரையில் புறப்பட்டு, பண்பொழி, செங்கோட்டை, பார்டர், குற்றாலம் வழியாகத் தென்காசி. பார்டர் நிலையத்தில் ரயில் இருபது நிமிடம் நிற்கும். காரணம் சிக்னல் அல்ல, அந்த இடத்துப் பேர்போன பரோட்டா. குற்றாலம் போகும் ரயிலில் எண்ணெய்ப் பெட்டி என்று தனியாக ஒன்று. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்தவர்கள் அதில்தான் ஏற வேண்டும். அதில் பிரேக் போட்டால் சீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் வழுக்கிக்கொண்டு முன்பெட்டிக்குப் போய்விடுவார்கள் என்பதால், இறங்குவதும் சுலபம். திரும்பி வருகிற ரயிலில் ஈரப்பெட்டி, கம்பிக்குப் பதில் துணி காயப்போடும் கொடி. ஐந்தருவிக்கு ஐந்து பிளாட்பாரம். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் ரயில் நிலையத்தில் நிற்காமல், ஆறுதல் ஹார்ன் அடித்துவிட்டுப் போகும். குரங்குகளுக்கு இலவச பாஸ். அவை எப்படியும் டிக்கெட் எடுக்கப் போவதில்லை.

தென்காசி பெரிய கோவில் வாசல் நிலையத்துக்கு ஏ.சி. கிடையாது. கோபுர வாசலில் அடிக்கிற காற்றை அப்படியே குழாய் போட்டு இறக்கிவிடலாம். பழுப்பு நிறத்தில், சாரல் எட்டிப் பார்க்காத திருவேங்கடம் வரைக்கும் ஓர் உலர் லைன். ஈரப்பெட்டியில் வந்தவர்கள் மாறி ஏறினால், இறங்கும்போது தலை காய்ந்திருக்கும். வீ.கே.புதூர் என்கிற வீரகேரளம்புதூருக்கு ஒரு கிளை. அங்கே ஒரே ஒரு சிக்கல். ஊர்ப்பெயரை முழுசாக எழுதினால் பலகை பிளாட்பாரத்தைத் தாண்டி வயலுக்குள் போய்விடும். அதனால் முன்பெட்டிக்காரர்கள் 'வீர' என்ற இடத்திலும், கடைசிப் பெட்டிக்காரர்கள் 'புதூர்' என்ற இடத்திலும் இறங்கிக்கொள்ள வேண்டியது. தென்காசியில் என் கணக்கு டியூஷன் அதீபா டீச்சர் வீட்டுக்கு அடியில் மட்டும் சுரங்கம். அங்கே ரயில் நிற்காது, வேகத்தைக் கூட்டும், ஜன்னலை மூடிக்கொள்ளும்.

இதைக் குற்றாலிங்கம் அண்ணாச்சி டீக்கடைச் சுவரில் ஒட்டினேன், ஒரு போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நாலு பேர் சிரிப்பார்கள், அக்காவும் ஒரு சிரிப்புச் சிரிப்பாள் என்பதுதான் என் திட்டம். ஆனால் மாமா, வரைபடம் என்பது எங்கள் தெருவைப் பொறுத்தவரை வரைபடம் அல்ல. அது ஒரு கல்யாணப் பத்திரிகை.

எப்படியென்றால், எங்கள் தெருவுக்குள் மட்டும் விளையாட்டாக ஐந்து நிலையம் போட்டு, அதற்கு ஆள் பெயர்களையே வைத்திருந்தேன். குற்றாலிங்கம் டீக்கடை, சிவசுப்பிரமணியன் சார் வீடு, பால் சொசைட்டி, அப்படி. சுவர் முன்னால் கூட்டம். ஒருத்தர்கூட "இந்த ரயிலு எங்க வரப் போவுது?" என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் விரல் வைத்துத் தன் பெயரைத்தான் தேடினார்கள். இல்லை என்றதும் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரும்பினார்கள். எதிர்வீட்டுக் கோமதியம்மாள் பெரியம்மை அன்றைக்கே நாங்கள் கொடுத்தனுப்பிய குழம்புக் கிண்ணத்தை, கழுவி, காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலிக் கிண்ணம்! அதில் ஒரு முறுக்குகூட இல்லை. முப்பது வருஷத்தில் முதல்முறை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு போர் அறிவிப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். போய்க் கேட்டால் பெரியம்மை வாசலில் நின்றபடியே பேசினார்கள்.

"அந்தச் சிவசுப்பிரமணியன் சாரு போன வருசம் வந்தாவ. அவியளுக்கு ஸ்டேசன் இருக்கு. நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இங்கன கெடக்கேன், என் வாசல்ல ரயிலு நிக்காதோ? ஏட்டி, உன் மவன் என்னை வேணும்னுதான் விட்டிருக்கான்."

"இல்ல மதினி, கூறுகெட்ட பய, விளையாட்டுக்கு..."

"விளையாட்டுக்கு விட்டா மட்டும் பேரு வந்திருமா?"

பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் என்ன செய்வார்களோ அதையே செய்தோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு தேங்காய் வைத்து, அம்மா என்னைக் குளித்துத் திருநீறு பூசச் சொல்லி அனுப்பினாள். தட்டை நீட்டி, "பெரியம்மை, உங்க வாசல்ல ஒரு ஸ்டேஷன் வைக்க நீங்க மனசு வைக்கணும்" என்றேன். பெரியம்மை தேங்காயைத் தட்டிப் பார்த்து, திருப்தியாகி, "ஏசி போட்டு வையி" என்றார்கள். ஒட்டினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தீர்களா? தட்டு போன செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இனி தட்டு வைக்காமல் போடுகிற நிலையத்தை யார் ஏற்பார்கள்? இரண்டே நாளில் நிலையம் கேட்டு என்னை நிலைகுலைய வைத்துவிட்டார்கள். எங்கள் தோப்பில் தேங்காய் குறைகிறதென்று அப்பா சந்தேகப்பட ஆரம்பித்தார். அரைக் கிலோமீட்டர் தெருவில் முப்பத்தொரு நிலையம், மாமா. உங்கள் ஊர் ரயிலை இங்கே கொண்டுவந்தால் ஒரு ரயிலே ஒன்பது நிலையத்தில் ஒரே நேரத்தில் நிற்கும். அது நகரவே வேண்டாம், உள்ளே நடந்தாலே ஊர் வந்துவிடும். போட்டோ எப்படியோ சுரண்டை வரைக்கும் போய், அங்கிருந்து சித்தி அம்மாவுக்குப் போன் பண்ணி, "அக்கா, உங்க வீட்டை ரயிலுக்கு எடுக்காவளாமே, சாமானை எங்க வீட்டுல போட்டு வைங்க, குறிப்பா அந்தப் பித்தளை அண்டாவை" என்று கேட்டாள். அன்றுதான் என் போன் அரிசிக்குள் போனது.

தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நீள நோட்டை எடுத்து, "நிலையம் வேண்டுவோர் பதிவேடு" என்று கொட்டை எழுத்தில் எழுதி டீக்கடையில் வைத்துவிட்டேன். பெயர், ஏறும் இடம், இறங்கும் இடம், போகிற காரணம், தேவைப்படும் நேரம், கையெழுத்து. இவ்வளவையும் எழுதினால்தான் மேலிடம் பரிசீலிக்கும் என்றேன். எழுதச் சோம்பி விலகிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. அங்கேயும் தோற்றேன். வரிசையில் நின்று எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மஞ்சு அக்கா எழுதிக் கொடுத்தாள். கோமதியம்மாள் பெரியம்மை, ஏறும் இடம் 'என் வாசல்', இறங்கும் இடம் 'பெரிய கோவில் வாசல், செருப்பு விடுத இடத்துக்குப் பக்கம்'. பூக்கட்டுகிற லோகநாயகி அக்கா, பூ மார்க்கெட். கட்டட வேலைக்குப் போகிற ஏழு பேர், ஜெராக்ஸ் கடைப் பிள்ளைகள் இரண்டு பேர், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற சிவசுப்பிரமணியன் சார். எழுதி முடித்த நோட்டை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா புரட்டிக்கொண்டிருந்தாள். புரட்டியவள் நிறுத்தி, மறுபடி முதல் பக்கத்திலிருந்து விரலால் எண்ணினாள்.

"ஏலே, இதைப் பாத்தியா? நேரம் போட்ட இடத்துல எல்லாருமே அஞ்சு நாப்பதுன்னு எழுதியிருக்காவ. நாப்பத்து மூணு பேரு."

"ஆமாக்கா, ரயிலுக்குச் சரியான கூட்டம்."

"ரயிலுக்கு இல்லலே, மூதி. பஸ்ஸுக்கு."

இங்கேதான் மாமா, வரலாறு திரும்பியது. நாற்பத்து மூன்று பேர் கையெழுத்தோடு, நேரத்தோடு, காரணத்தோடு. ஆளே ஏறவில்லை என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில்? அக்கா இரண்டு பக்கத்தில் மனு எழுதினாள். போன திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தென்காசிக்குக் கிளம்பினோம். அக்கா, நான், குற்றாலிங்கம் அண்ணாச்சி. பெரியம்மை அழைக்காமலே பட்டுப்புடவையில் வந்து நின்றார்கள், கையில் சுவரிலிருந்து கிழியாமல் உரித்துச் சுருட்டிய என் வரைபடம். "பஸ்ஸுக்கு நீங்க கேளுங்க. ஸ்டேசனுக்கு நான் கேக்கேன்."

அங்கே ஓர் அதிகாரி அம்மா. மனுவை வாங்கிப் படிக்கத் தொடங்குவதற்குள், பெரியம்மை வரைபடத்தை மேசை முழுக்க விரித்துவிட்டார்கள். அந்த அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதட்டைக் கடித்தார்.

"இந்த எண்ணெய்ப் பெட்டி யாரு யோசனை?"

நான் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று பாதி தூக்கினேன்.

"அது கெடக்கட்டும்மா," என்றார்கள் பெரியம்மை. "இந்தா இருக்கு பாருங்க, ஆறாவது, கோமதியம்மாள் வாசல். இதுக்கு ரயிலு எப்ப வரும்?"

"ரயிலு வர ரொம்ப நாளாகும் போலிருக்கே பாட்டி..."

"பாட்டியா?"

"...அக்கா. அதுவரைக்கும் பஸ் விட்டாப் பரவாயில்லையா?"

பெரியம்மை யோசித்தார்கள். பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார்கள். "செரி, இப்பம் பஸ்ஸையே விடுங்க. ஆனா என் வாசல்ல நிக்கணும்."

அதன் பிறகுதான் அந்த அம்மா மனுவைப் படித்தார். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அக்காவிடம் ஓட்டத்தைப் பற்றி, தேர்வுத் தேதியைப் பற்றிக் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. அங்கேயே போனை எடுத்து டெப்போவில் பேசினார். பேசிவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பதினோரு நாள் தொடர்ந்து வண்டி உங்க தெருவுக்குள்ள வந்துருக்கு. ஒருத்தர்கூட ஏறலையாம். அதனாலதான் நிறுத்தினோம்ங்கிறாங்க. இங்க நாற்பத்து மூணு பேர் இருக்கீங்க. அந்தப் பதினோரு நாளும் எங்க போனீங்க?"

"எங்கயும் போகல," என்றார்கள் பெரியம்மை. "ஆறு இருபதுக்கு வந்து அரசமரத்தடியில நின்னோம். சீசனுக்கு நேரம் மாத்தியாச்சுன்னு நோட்டீசு ஒட்டியிருந்துதுல்லா? பஸ்ஸு வரவே இல்ல."

"அஞ்சு நாப்பதுக்கு ஒரு வண்டி காலியா வந்துச்சும்மா," என்றார் குற்றாலிங்கம் அண்ணாச்சி. "நான் கண்ணால பாத்தேன். சீசன் ஸ்பெஷலு வழி தெரியாம வந்திருக்குன்னு நெனச்சு, நானே கையைக் காட்டி, 'மெயின் ரோடு அந்தப் பக்கம், போங்க போங்க'ன்னு தினமும் அனுப்பி வச்சேன்."

"நோட்டீஸ் எதுவும் டெப்போ ஒட்டலையாம்" என்றார் அதிகாரி அம்மா.

சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பஸ் எந்த நேரத்துக்கு, எந்த வழியில், எந்தத் திசையில் போனாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். குற்றாலத்துக்குக் கூட்டம், அதனால் மாற்றியிருப்பார்கள் என்று நம்பிவிடுவோம். அதுதான் நடந்திருக்கிறது. அப்போது அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். எப்படியோ, அந்த அம்மா நல்ல மனுஷி. "ஒரு மாசம் வண்டியை விட்டுப் பார்ப்போம். ஆள் ஏறினா நிரந்தரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வரைபடத்தில் எண்ணெய்ப் பெட்டி இருந்த பக்கத்தைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

இன்று காலை வண்டி வந்தபோது தெருவே ஏறியது. வேலை இருந்தவர்கள் வேலைக்கு. வேலை இல்லாதவர்கள் எண்ணிக்கைக்கு. பெரியம்மை தன் வாசலில்தான் ஏறுவேன் என்று நின்று, அங்கே நிறுத்த வைத்து, தென்காசி வரை போய், கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார்கள். வந்ததும் எங்கள் கிண்ணம் வந்தது, நிறைய அதிரசத்தோடு. அப்பா வீ.கே.புதூர்க்காரர்களிடம் போனில், "புள்ளை இப்பம் பரீட்சைக்கு ஓடிக்கிட்டு இருக்கா. அது முடியட்டும்" என்று சொல்வது கேட்டது. அக்கா ஆறு பதினைந்துக்கே மைதானத்தில் நின்றாளாம். கேட்டைத் திறக்கிற கோச்சுக்கு அவள்தான் வணக்கம் வைத்தாளாம்.

ஆகவே மாமா, ஒரு மெட்ரோ ரயிலைக் கையில் எடுத்து, அதை வைத்து ஒரு டவுன் பஸ்ஸை மீட்டு, ஒரு போலீஸ்காரியைக் காப்பாற்றிய பெருமை, பன்னிரண்டு பேனா அனுப்பிய உங்களுக்கும், அதை இவ்வளவு தொலைநோக்கோடு பயன்படுத்திய அடியேனுக்கும் சரிபாதி. உங்களுக்கும் அத்தைக்கும் குற்றாலநாதர் குழல்வாய்மொழி அருளால் சகல சுகமும் உண்டாகட்டும். நீங்கள் தோண்டுகிற சுரங்கத்தில் தண்ணீர் வராமல், தோண்டாத எங்கள் அருவியில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும். அத்தைக்கு அன்பு, வாஷிங் மெஷினுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
நன்றியுள்ள மருமகன்
சந்தோஷ்குமார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை முடித்து நாலு நாளாகிவிட்டது. தபாலில் போடக் கை வரவில்லை. இப்போது அதீபா டீச்சர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி ஆறு இருபது. டீச்சர் இன்னும் கதவைத் திறக்கவில்லை. நான் டியூஷனுக்கு டீச்சருக்கு முன்னால் வந்திருக்கிறேன் என்றால் ஏதோ விபரீதம் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

அந்த நோட்டீஸை ஒட்டியது நான்தான் மாமா. "சாரல் சீசனை முன்னிட்டு 5.40 வண்டி 6.20க்குப் புறப்படும்." அப்பாவுக்குத் தோப்புக் கணக்கு அடிக்கக் கற்றுக்கொண்ட டைப்பிங்கில் அடித்து, அடியில் ஒரு சோடா மூடியை மையில் தொட்டு சீலும் குத்தினேன். அந்த வண்டியில்தான் நானும் டியூஷனுக்குப் போவேன்; ஒரே ஒருநாள் பிந்திப் போகலாம் என்றுதான். மறுநாள் கிழிக்கப் போனால் அதன் முன்னால் சிவசுப்பிரமணியன் சார் நின்று மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும் யாரோ நின்றார்கள். பதினோராவது நாள் மழையே கிழித்தது. அதற்குள் பஸ் போய்விட்டது. பஸ்ஸை நான் மீட்கவில்லை, நான் தொலைத்ததை அக்கா தேடி எடுத்தாள். பதிவேட்டை அவள் எண்ணினாள், மனுவை அவள் எழுதினாள். நான் பாதிக் கையைத் தூக்கியது மட்டும்தான்.

மனுக் கொடுத்த அன்று திரும்பி வரும்போது அக்கா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே, "சீல் நல்லாத்தான் குத்தியிருந்தலே" என்றாள். அவ்வளவுதான். நான் காலைப் பிடிக்கலாம் என்று குனிந்தேன், பக்கத்தில் பெரியம்மை உட்கார்ந்திருந்ததால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நடித்தேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சொன்னாள்: "அப்பாட்ட சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஒரு மாசமும் நீ தினமும் அஞ்சு நாப்பது வண்டியில ஏறணும். மழையோ காய்ச்சலோ எனக்குத் தெரியாது. டிக்கெட்டைக் கொண்டாந்து என்ட்ட காட்டணும்." நான் அழுததை நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

அவள் வரப்பில் ஓடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்று நான் அவளிடம் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் வாய் வரவில்லை. ஆகவே மேலே உங்களுக்கு எழுதிய நன்றியில் முக்கால்வாசியை அவளுக்கு மாற்றிவிடவும். போனில் பேசும்போது எப்படியாவது, நான் சொன்னதாகத் தெரியாமல், சொல்லிவிடவும். அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டுவதாக இருந்தால், முதலில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவும்.

கதவு திறக்கிற சத்தம். டீச்சர் என்னைப் பார்த்துப் பயந்து, "யாருக்கு என்னாச்சுலே?" என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
நாற்பத்து நான்காவது பயணி